ஆஸ்துமா மருந்து கம்பெனிப் பங்கு வாங்கலாமா? கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கேள்வி

கணவாய்க்காற்று:

வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். மார்கழி பிறந்தால் இங்கே வாளையார்ப் பக்கமிருந்து கணவாய்க் காற்று ஆரம்பித்துவிடும். புழுதியும் அறுப்பு முடிந்த வயல் தூசியும் சேர்ந்து ஊர் முழுக்க இழுப்பு. வேலந்தாவளத்தில் காய்கறி மூட்டை இறக்குகிறவர்களிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை சீட்டோடு வந்து நிற்கிறார்கள். பாலக்காட்டு டாக்டர் எழுதினாலும் சரி, கோயம்புத்தூர் டாக்டர் எழுதினாலும் சரி, மருந்து பெரும்பாலும் சிப்லாவின் ஃபோராகார்ட் இன்ஹேலர்தான். முன்பெல்லாம் "நீலப் பம்பு குடுங்க" என்று ஆஸ்தாலினை மட்டும் வாங்கிப் போனவர்கள்கூட இதற்கு மாறிவிட்டார்கள்.

சர்க்கரை மாத்திரை மாதிரி இதுவும் மாதாமாதம் போகிற மருந்து. ஏலச்சீட்டுப் பணம் கையில் வரப்போகிறது. மகளின் படிப்புக்கு மூன்று வருடம் கழித்துத்தான் தேவை. அதுவரை இன்ஹேலர் செய்கிற கம்பெனிப் பங்கில் மொத்தமாகப் போடலாமா? எது போகிறது, எது தேங்குகிறது என்று தினமும் பார்க்கிறவள் என்பதால்தான் இந்த எண்ணம் வந்தது.

தென்னந்தோப்பு:

ஒரே கம்பெனியில் வேண்டாம் அக்கா. பல மருந்துக் கம்பெனிப் பங்குகளைச் சேர்த்து வைத்திருக்கிற நிஃப்டி பார்மா இன்டெக்ஸ் ஃபண்டில் மாதம் கொஞ்சமாகப் போடுங்கள். ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும்.

பழைய ரெப்:

அக்கா, நான் பாலக்காடு, பொள்ளாச்சி ஏரியாவில் பல வருடம் மருந்துக் கம்பெனி ரெப்பாகப் பை தூக்கியவன். சுவாச மருந்துதான் என் டிவிஷன். உங்கள் கவுன்டர் சொல்வது சரிதான். சால்பியூட்டமாலை (ஆஸ்தாலினில் இருக்கிற மருந்து) மட்டும் வைத்துக்கொண்டு ஆஸ்துமாவை ஓட்டாதீர்கள், ஸ்டீராய்டு சேர்ந்த இன்ஹேலர் வேண்டும் என்று 2019-ல் ஜைனா என்கிற உலக ஆஸ்துமா அமைப்பின் வழிகாட்டுதல் மாறியது. நீலப் பம்பு குறைந்ததற்கு அது முக்கியமான காரணம். ஆனால் கடையில் ஓடுகிற மருந்தெல்லாம் கம்பெனிக்கு அதே வேகத்தில் லாபம் தராது.

முதலில் விலை. சால்பியூட்டமால், ஃபோராகார்ட்டில் இருக்கிற ஸ்டீராய்டான பியூடசொனைடு இரண்டும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை, உச்ச விலையை அரசு வைக்கிறது. 2024 ஏப்ரலில் மொத்த விலைக் குறியீட்டை வைத்து அனுமதித்த உயர்வு எவ்வளவு தெரியுமா? 0.00551%. அதே வருடம் அக்டோபரில் சால்பியூட்டமால் மாத்திரைக்கும் நெபுலைசர் மருந்துக்கும் 50% ஏற்றிக் கொடுத்தார்கள், பழைய விலையில் செய்து கட்டுப்படியாகவில்லை என்று கம்பெனிகள் கேட்டதால்.

பெரிய பணம் அமெரிக்காவில். அங்கே மருந்தைவிடக் கருவிதான் கோட்டை. ஜிஎஸ்கே கம்பெனியின் அட்வேர் டிஸ்கஸ் என்கிற ஆஸ்துமா இன்ஹேலரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற மருந்துக் கலவையின் காப்புரிமை 2010-லேயே முடிந்தது, கருவியின் காப்புரிமை 2016-ல். முதல் ஜெனரிக்குக்கு, அதாவது அதே மருந்தை வேறு கம்பெனி செய்கிற நகலுக்கு, அனுமதி கிடைத்தது 2019 ஜனவரியில், மைலான் கம்பெனிக்கு. மாத்திரை என்றால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஒத்துப்போனால் பெரும்பாலும் வேலை முடிந்தது. இன்ஹேலரில் அப்படி முடியாது. ஒவ்வொரு இழுப்பிலும் எத்தனை மைக்ரோகிராம் வெளியே வருகிறது, தூள் எவ்வளவு நுணுக்கம், அது நுரையீரலுக்குப் போகுமா தொண்டையிலேயே ஒட்டுமா என்று எல்லாம் காட்ட வேண்டும். உங்கள் கடையிலேயே பார்த்திருப்பீர்கள்: ரோட்டாஹேலரை மெதுவாக இழுக்கிற பாட்டிக்குப் பாதித் தூள் கேப்சூலிலேயே தங்கிவிடும். அந்தச் சிக்கலைத்தான் கம்பெனி ஆலை அளவில் தீர்க்க வேண்டும். தீர்த்துவிட்டால் போட்டி குறைவு. நம்மூர்க் கம்பெனி லூபின் 2023-ல் ஸ்பிரிவா ஹாண்டிஹேலர் என்கிற இன்ஹேலரின் ஜெனரிக்குக்கு அங்கே அனுமதி வாங்கியது. அது ஆஸ்துமாவுக்கு அல்ல, சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு. ஆனால் அந்தத் திறமைக்குத்தான் மதிப்பு.

அடுத்தது ஆலைச் சோதனை. சிப்லாவின் கோவா ஆலைக்கு 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது, 2023-ல் பீதம்பூர் ஆலைக்கும். இந்த மாதிரிக் கடிதம் தீரும்வரை அந்த ஆலையிலிருந்து புது மருந்துக்கு அனுமதி இழுத்துக்கொண்டே போகலாம். இங்கே உங்கள் கடையில் ஃபோராகார்ட் அதே மாதிரி ஓடிக்கொண்டிருக்கும், அங்கே பங்கு இறங்கும். இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது.

கணவாய்க்காற்று:

சார், இப்படி யாரும் சொன்னதில்லை. ரொம்ப நன்றி. கோயம்புத்தூரில் ஆஸ்துமாவுக்கு ஊசி போடுகிறார்களாமே, விலை கேட்டாலே தலை சுற்றுகிறது. வருங்காலம் அதுதான், வெளிநாட்டுக் கம்பெனியின் இந்தியப் பங்கை வாங்கிவிடு என்று தம்பி சொல்கிறான்.

பழைய ரெப்:

ஊசி கடுமையான ஆஸ்துமாக்காரர்களுக்கு மட்டும். ஓமலிசுமாப் என்கிற ஊசி 2003-லேயே வந்தது. டுபிலுமாப் ஆஸ்துமாவுக்கு 2018-ல், டெசெபெலுமாப் 2021-ல். பணம் கொட்டுகிற இடம்தான், 2023-ல் டுபிலுமாப் விற்பனை மட்டும் 1,000 கோடி யூரோவுக்கு மேல். அதிலும் தோல் அரிப்பு நோய்க்குப் போவது பெரிய பங்கு. ஆனால் இங்கே பங்குச்சந்தைப் பட்டியலில் இருக்கிற ஜிஎஸ்கே பார்மாவோ அஸ்ட்ராஜெனிகா பார்மா இந்தியாவோ தாய்க் கம்பெனி இல்லை. உலக விற்பனை லாபம் அந்தக் கணக்கில் வராது. தம்பியிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

புது மருந்து எல்லாம் கரை சேரும் என்றும் இல்லை. நோவார்டிஸ் ஃபெவிபிபிரன்ட் என்று ஆஸ்துமாவுக்கு மாத்திரையாகவே கொண்டுவரப் பார்த்தது. கடைசிக் கட்டச் சோதனைகளில் தேறாமல் 2019 டிசம்பரில் கைவிட்டது.

மூன்று வருடத்தில் மகள் படிப்புக்கு வேண்டிய பணத்தைத் தயவுசெய்து பங்கில் வைக்காதீர்கள். ஒரு எச்சரிக்கைக் கடிதம் தீரவே அதைவிட அதிக நாள் ஆகலாம். அதை டெபாசிட்டில் போடுங்கள், மிஞ்சுவதை மட்டும் இங்கே கொண்டுவாருங்கள்.

கணவாய்க்காற்று:

அப்படியே செய்கிறேன் சார். மிஞ்சுவதற்கு எதைப் பார்த்து வாங்குவது?

பழைய ரெப்:

ஆண்டறிக்கையில் மொத்த விற்பனையில் சுவாச மருந்து எவ்வளவு, அமெரிக்கா எவ்வளவு என்று முதலில் பாருங்கள். பெரிய கம்பெனி எதுவும் ஆஸ்துமாவை மட்டும் நம்பி இல்லை. அப்புறம் பங்குச்சந்தைத் தளத்தில் கம்பெனி கொடுக்கிற அறிவிப்புகள். ஃபார்ம் 483 என்று வந்தால் எஃப்டிஏ-விலிருந்து சோதனைக்கு வந்தவர்கள் குறை எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். அதற்கே பயந்து விற்க வேண்டாம். சில மாதத்தில் வகைப்பாடு வரும். விஏஐ என்றால் தானாகச் சரிசெய்தால் போதும். ஓஏஐ என்றால் எஃப்டிஏ நடவடிக்கை எடுக்கலாம் என்று பொருள், இன்ஹேலர் அந்த ஆலையிலா செய்கிறார்கள் என்று பாருங்கள், ஆமாம் என்றால் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.