ஏசி கம்ப்ரசரில் டயருக்குக் காற்று: எண்ணெய்க்கு என்ன வழி?

அனைவருக்கும் வணக்கம். போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் எங்கள் ஜீப்பில், தோட்டப் பாதையின் கற்களுக்காகக் குறைத்த காற்றைத் தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி நிரப்புவதற்காக, பழைய காரிலிருந்து கழற்றிய சாண்டன் ஏசி கம்ப்ரசரை எஞ்சின் பெல்ட்டில் இணைத்து, சிறு காற்றுத் தொட்டி ஒன்றும் பொருத்த விரும்புகிறேன்.

என் கவலை எண்ணெய் பற்றியது. பழைய யார்க் கம்ப்ரசரின் அடியில், எஞ்சினில் இருப்பதுபோலவே, எண்ணெய் தனியாகத் தேங்கி நிற்கும். சாண்டனிலோ ஏசி வாயுவோடு சுற்றிவரும் எண்ணெய்தான் உள்ளுறுப்புகளை நனைக்கிறது. வெளிக்காற்றை இழுக்கத் தொடங்கினால் அது காற்றோடு தொட்டிக்குப் போய்விடும், தானாகத் திரும்பாது. ஆகவே, காற்றை உறிஞ்சும் குழாயில் எண்ணெய் சொட்டும் கருவியும், வெளியேறும் பக்கத்தில் எண்ணெய் பிரிப்பானும் வைப்பது போதுமா, அல்லது சிலர் செய்வதுபோல் உள்ளே கிரீஸ் அடைப்பது நீடித்து உழைக்குமா?

தொட்டியின் அழுத்தம் 90 பி.எஸ்.ஐ.க்கு இறங்கினால் கம்ப்ரசரைப் பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச் பிடித்து, 120 ஆனதும் விடும்படி பிரஷர் சுவிட்ச் வைக்கிறேன். அந்தச் சுவிட்ச் பழுதானால் தொட்டி வெடிக்கக்கூடும் என்பதால் சேஃப்டி வால்வு கட்டாயம் இருக்கும். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று கடுமையாகச் சுடும் என்பதால், கம்ப்ரசரை ஒட்டிய முதல் பகுதிக்குச் சாதாரண ரப்பர் ஹோஸ் தாங்காது என்றே கருதுகிறேன்; செம்புக் குழாய் போட்டால் எஞ்சின் அதிர்வில் விரிசல் விடுமா? இதைச் செய்து பார்த்தவர்கள், குறிப்பாகத் தேனி, கம்பம், குமுளிப் பகுதி மெக்கானிக்குகள், விவரம் தெரிவித்தால் பெரிதும் நன்றியுடையவனாவேன்.