முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மார்ஃபின் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

மகள்_கேட்கிறேன்:
அம்மாவுக்கு 68 வயது, அடுத்த மாதம் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. முன்பு வேறொரு ஆபரேஷனுக்குப் பிறகு மார்ஃபின் போட்டதில் ஓயாத வாந்தி, இரவெல்லாம் எங்களையே அடையாளம் தெரியாத அளவுக்குக் குழப்பம். "அந்த ஊசி மட்டும் வேண்டாம், வலியைப் பொறுத்துக்கொள்கிறேன்" என்கிறார். விட்டுவிடலாமா?

மயக்கவியல்_மருத்துவர்:
பொறுத்துக்கொள்ள விடாதீர்கள். வலி அடங்காவிட்டால் காலை மடக்கவே மாட்டார், மூட்டு இறுகிவிடும். ஓபியாய்டை, அதாவது மார்ஃபின் வகை வலி மருந்தை, அடியோடு ஒழிப்பதல்ல, அதன் தேவையைக் குறைப்பதுதான் இங்கே நோக்கம். தொடையின் உள்பக்கம் ஓடும் நரம்புக்கு அருகில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவோம், வலி மட்டுப்படும், தொடைத் தசை பெரும்பாலும் வலுவிழக்காது என்பதால் நடக்கவும் வைக்கலாம். கூடவே பாராசிட்டமாலை வலிக்கும்போது மட்டும் என்றில்லாமல் மணிக்கணக்குப்படி கொடுக்க வேண்டும். இதையெல்லாம் மீறி வலித்தால்தான் சிறிய அளவில் ஓபியாய்டு. சரி, அம்மாவுக்குச் சிறுநீரகம் எப்படி?

நடந்து_பழகுகிறேன்:
எனக்கும் இதே ஆபரேஷன்தான், நரம்பு ஊசி போட்டார்கள். ஒன்று சொல்கிறேன், மரப்பு விலகும்போது வலி சட்டென்று ஏறும், அதுவும் நடு இரவில் என்றால் ரொம்பக் கஷ்டம். விலகுவதற்கு முன்பே மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும், நர்ஸிடம் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடை_நண்பர்:
டிரமடாலும் ஓபியாய்டுதான், பலருக்கு இது தெரிவதில்லை. அது பாராசிட்டமாலோடு சேர்ந்த மாத்திரையாகவும் வருகிறது, தனியாகக் கொடுக்கும் பாராசிட்டமாலோடு கூட்டிப் பாருங்கள், ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டவே கூடாது. அம்மா தூக்க மாத்திரையோ, நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலினோ எடுக்கிறாரா, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்பதையும் சொல்லிவிடுங்கள். ஓபியாய்டோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும்.

மகள்_கேட்கிறேன்:
நன்றி. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு, கிரியாட்டினின், சில வருடமாகவே கொஞ்சம் அதிகம்தான் டாக்டர்.

மயக்கவியல்_மருத்துவர்:
அப்படியென்றால் அன்றைய குழப்பத்துக்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம். மார்ஃபின் உடைந்து உண்டாகும் பொருட்கள் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், அது மந்தமானால் உடம்பிலேயே தேங்கும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை வலி மருந்துகளும் அவருக்கு ஆகாது. அப்புறம், பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் ஆபரேஷன் நாள் வரை வைத்திருக்காமல் முன்கூட்டியே மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள்.