தினசரிச் சமையலில் சீன மொறுமொறு மிளகாய் எண்ணெய்: எதனோடு சேர்க்கலாம், வீட்டில் எப்படிச் செய்யலாம்?

ஏற்காடு அடுப்படி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் வசிக்கும் என் நாத்தனார் அண்மையில் வந்திருந்தபோது, சீனாவில் தயாரான மொறுமொறு மிளகாய் எண்ணெய் பாட்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டுச் சென்றார். கடைகளில் ‘சில்லி கிரிஸ்ப்’ என்று விற்கிறார்களே, அதுதான். மேலே சிவந்த எண்ணெய் நிற்கிறது. அதற்குக் கீழே பாட்டில் முழுவதும் பொரித்த வெங்காயமும் மிளகாய்ச் சில்லுகளும் சோயாபீன்ஸும் நிறைந்திருக்கின்றன. நூடுல்ஸுக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார். ஆனால் ஒருமுறை தோசைக்குத் தொட்டுக்கொள்ள வைத்த பிறகு, பிள்ளைகள் அதை இட்லிப் பொடி டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்கிறார்கள். காரம் அவ்வளவாக இல்லை. மணமும் வாயில் நொறுங்கும் சுகமும்தான் திரும்பத் திரும்பக் கேட்க வைக்கின்றன.

நம் அன்றாடச் சமையலில் இதை எவற்றோடெல்லாம் சேர்க்கலாம் என்பதை, உண்டு பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். சின்ன வெங்காயமும் பூண்டும் வைத்து வீட்டிலேயே செய்துவிட முடியுமா என்பதும் தெரிய வேண்டும். இங்கே மழைக்காலத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுவதால், அப்பளமும் முறுக்கும் வெளியே எடுத்த சிறிது நேரத்தில் நமத்துப் போகின்றன. அந்த ஈரத்தில் இது மொறுமொறுப்பாக நிற்குமா என்பதே என் பெரிய ஐயம். மாமியார் சைவம் என்பதால் அதற்கேற்பவும் சொல்லுங்கள்.

அம்மாப்பேட்டை வாசகி எழுதியது:

வணக்கம் சகோதரி. எங்கள் வீட்டில் இது நீண்ட நாட்களாகப் புழக்கத்தில் இருக்கிறது. இதைத் தாளிப்பில் சேர்க்கவே கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே பொன்னிறமாகப் பொரிந்த வெங்காயமும் பூண்டும் மறுபடி சூடான வாணலியைக் கண்டால் கருகிக் கசந்துவிடும். குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டால் ஊறித் தொளதொளத்துவிடும். அடுப்பை அணைத்து, தட்டில் பரிமாறிய பிறகு, உண்பவர் கையால் மேலே ஒரு தேக்கரண்டி போட்டுக்கொள்வதே இதற்கு உரிய முறை. எண்ணெயோடு அடியில் இருப்பதையும் சேர்த்துக் கிளறி அள்ள வேண்டும்.

மென்மையாகவும் காரமில்லாமலும் இருக்கும் உணவுகளே இதற்குச் சிறந்த துணை. தயிர் சாதத்தின் மேல் போட்டு, பிசையாமல் வாய்க்கு வாய் சேர்த்து உண்டு பாருங்கள். பாலில் உள்ள புரதம் மிளகாயின் காரத்தைத் தணித்துவிடுவதால், வறுத்த வெங்காயத்தின் இனிப்பும் மணமும் தனியாகத் தெரியும். நம் ஊரில் ஜவ்வரிசிக்கும் மரவள்ளிக்கும் குறைவில்லை. உப்பு மட்டும் போட்டு வேகவைத்த மரவள்ளிக்கிழங்கின் மேல் இதைப் போட்டு உண்ட பிறகு, எங்கள் வீட்டில் அந்தக் கிழங்குக்கு வேறு தொட்டுக்கை யாரும் கேட்பதில்லை. ஜவ்வரிசி உப்புமா, அரிசிம்பருப்பு சாதம், அரைவேக்காட்டு முட்டை ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும். ராகிக் களிக்கு மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். களியை மெல்லாமல் விழுங்குவதுதான் வழக்கம். மெல்லாத உணவில் மொறுமொறுப்பு வீணாகிறது.

தட்டுவடை செட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாலையில் சேலத்துத் தெருமுனைகளில் இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே சட்னி தடவி, பீட்ரூட், கேரட் துருவலும் வெங்காயமும் வைத்துத் தருவார்களே, அதை வீட்டில் செய்யும்போது காரச் சட்னிக்குப் பதிலாக இந்த எண்ணெயில் அரைத் தேக்கரண்டி வைத்து, புதினாச் சட்னியை அப்படியே விட்டுவிடுவேன். சட்னியின் ஈரம் ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் தட்டுவடை சீக்கிரம் நமப்பதில்லை. பீட்ரூட்டின் இனிப்பு இந்த எண்ணெயோடு சேரும் விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

சாம்பார், தேங்காய் அரைத்த கூட்டு, அவியல் ஆகியவற்றோடு இது சேரவில்லை. பெருங்காயத்தின் மணமும் இந்த எண்ணெயில் இருக்கும் வறுத்த வாசனையும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்கின்றன. இதில் உப்பு தாராளமாக இருப்பதால், சேர்க்கப்போகும் உணவில் உப்பைக் குறைத்துப் போடுவதும் அவசியம்.

செங்துவில் மருத்துவம் படித்தவன் எழுதியது:

அம்மாப்பேட்டை அக்கா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். மருத்துவம் படித்த ஆண்டுகளில் சிச்சுவான் மாகாணத்தில் இருந்ததால், அங்கே பார்த்தவற்றைச் சேர்த்துச் சொல்கிறேன். சிச்சுவானில் பெரும்பாலும் புழங்குவது தெளிந்த சிவப்பு எண்ணெய். அதில் மிளகாய் அடியில் தங்கியிருக்கும். பொரித்த பொருள்கள் நிறைந்த மொறுமொறு வகைக்குப் பெயர் பெற்றது பக்கத்து மாகாணமான குய்சோ. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல்வழியாகச் சீனாவுக்குச் சென்றது. 1591இல் எழுதப்பட்ட ஒரு சீன நூலில் அது அழகுச் செடியாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. உப்புக்குத் தட்டுப்பாடு இருந்த குய்சோ மலைப்பகுதியில், மக்கள் உப்புக்குப் பதிலாக மிளகாயைப் பயன்படுத்தினார்கள் என்று 1721ஆம் ஆண்டின் வட்டாரக் குறிப்பொன்று சொல்கிறது. இன்று உலகெங்கும் விற்கும் லாவோ கான் மா பாட்டிலும் அந்த மாகாணத்தின் தலைநகரான குய்யாங்கில் பிறந்ததே. தாவ் ஹுவாபி என்ற பெண்மணி அங்கே சிறிய உணவுக்கடை நடத்திவந்தார். உணவைவிட அவருடைய மிளகாய்க் கலவையையே வாடிக்கையாளர்கள் விரும்பிக் கேட்டதால், 1990களின் பிற்பகுதியில் அதைப் பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கினார்.

மாமியார் சைவம் என்பதால் சிட்டையைப் படித்து வாங்குங்கள். வெங்காயமும் சோயாபீன்ஸும் மட்டும் உள்ள வகைகளும் உண்டு. கோழியிறைச்சியோ உலர்ந்த இறாலோ சேர்த்த வகைகளும் ஏறக்குறைய அதே தோற்றத்தில் வருகின்றன.

வீட்டில் செய்வதற்கு நம் சின்ன வெங்காயத்தைவிடச் சிறந்தது கிடையாது. ஒரே கனத்தில் மெல்லியதாக நறுக்கி, எண்ணெய் சூடேறுவதற்கு முன்பே அதில் போட்டு, மிதமான தீயில் மெதுவாகப் பொரிக்க வேண்டும். வெங்காயத்திலுள்ள நீர் ஆவியாக வெளியேறுவதுதான் அந்தக் குமிழிகள். அவை அடங்கும்போது நீர் வற்றிவிட்டது என்று பொருள். இளம்பொன் நிறம் வந்ததுமே எடுத்துவிடுங்கள், வெளியே எடுத்த பிறகும் உள்ளிருக்கும் சூட்டில் நிறம் ஏறும். பூண்டு விரைவில் சிவந்துவிடும் என்பதால் அதைத் தனியாகப் பொரிக்க வேண்டும். இரண்டையும் தாளில் பரப்பி ஆறவிடுங்கள். அதே எண்ணெயில் பட்டை, அன்னாசிப்பூ, பிரிஞ்சி இலை, ஓர் இஞ்சித் துண்டு போட்டுச் சிறுதீயில் மணம் இறங்கியதும் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்ததுதான் கவனம் தேவைப்படும் இடம். ஒன்றிரண்டாகத் திரித்த மிளகாயை அகலமான, உலர்ந்த பாத்திரத்தில் வைத்து, எண்ணெயைப் பகுதி பகுதியாக ஊற்ற வேண்டும். முதல் பகுதி 150 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் வறுத்த மணம் வரும். சற்று ஆறவிட்டு ஊற்றும் அடுத்த பகுதிகளில் நிறம் இறங்கும். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு மிளகாய்ச் சில்லை எண்ணெயில் போட்டுப் பாருங்கள்: உடனே கறுத்தால் சூடு அதிகம், நுரைத்துச் சிவப்பாகவே நின்றால் சரியான பதம். எண்ணெய் முழுவதும் ஆறிய பிறகே வெங்காயம், பூண்டு, வறுத்த நிலக்கடலை ஆகியவற்றைச் சேருங்கள். உப்பும் சர்க்கரையும் எண்ணெயில் கரையாது என்பதால் மாவுபோல் பொடித்துப் போட வேண்டும்.

உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். எண்ணெயில் பொரிப்பதற்கு இதனால் எந்தக் குறையும் இல்லை. நமப்பதற்குக் காரணம் காற்றிலுள்ள ஈரம். எனவே பொரித்தவை ஆறியதும் தாமதிக்காமல் எண்ணெய்க்குள் போட்டுவிடுங்கள். எண்ணெயில் மூழ்கியிருக்கும்வரை ஈரம் அவற்றை எட்டாது. மேலே எண்ணெய் குறைந்து வெங்காயம் வெளியே தெரிந்தால் அந்தப் பகுதிதான் முதலில் நமத்துப்போகும். சோயா சாஸில் நீர் இருப்பதால் அதைப் பாட்டிலில் சேர்க்காமல் உண்ணும்போது சில துளிகள் விட்டுக்கொள்வதே நல்லது.

நாக்கு மரத்துப்போவதுபோல் ஒரு சிலிர்ப்பு சில பாட்டில்களில் தெரியும். அது சிச்சுவான் மிளகால் வருவது. நம் சேர்வராயன் மலையில் விளையும் மிளகுக்கும் அதற்கும் உறவில்லை. அது நாரத்தை, எலுமிச்சை குடும்பத்தைச் சேர்ந்த மரத்தின் கனித்தோல், அதிலுள்ள சான்ஷூல் என்ற பொருள்தான் அந்தச் சிலிர்ப்பைத் தருகிறது. கொங்கண் பகுதியில் மீன் குழம்புக்குச் சேர்க்கும் திர்ஃபல் அதன் நெருங்கிய இனம். உள்ளே இருக்கும் கறுப்பு விதையை நீக்கிவிட்டு, தோலை மட்டும் இலேசாக வறுத்துப் பொடித்துச் சேர்க்கலாம்.

செவ்வாய்ப்பேட்டை மளிகை எழுதியது:

மருத்துவர் ஐயா விளக்கியதற்குப் பிறகு எனக்குச் சொல்ல அதிகமில்லை. மிளகாயை மட்டும் பார்த்து வாங்குங்கள். குண்டூர் மிளகாயை மட்டும் போட்டால் தேக்கரண்டியில் அள்ளி உண்ண முடியாத அளவுக்குக் காரம் வந்துவிடும். நிறம் மிகுந்து காரம் குறைந்த பியாடகி மிளகாய் முக்கால் பங்கு, குண்டூர் கால் பங்கு என்று கலந்தால் நிறமும் காரமும் அளவாக அமையும். கடையில் விற்கும் மெல்லிய மிளகாய்த் தூள் வேண்டாம், அது சூடான எண்ணெய் பட்டதும் கருகிச் சேறாகிவிடும். எண்ணெய்க்குச் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயே என் தேர்வு. நல்லெண்ணெயின் மணம் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும்.

ஏற்காடு அடுப்படி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பியாடகி மிளகாய்க்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. இங்குள்ள குளிருக்கு அலமாரியிலேயே வைத்துவிடலாமா? பூண்டைப் பச்சையாகவே இடித்து எண்ணெயில் ஊறவைக்கும் முறை ஒன்றையும் காணொளியில் பார்த்தேன்.

செங்துவில் மருத்துவம் படித்தவன் எழுதியது:

பச்சைப் பூண்டு முறையைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள் அக்கா. மண்ணில் வளரும் பூண்டில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் விதைத்துகள்கள் ஒட்டியிருக்கக்கூடும். ஈரமும் இருந்து, காற்றும் புளிப்பும் இல்லாத இடத்தில் அவை முளைத்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். எண்ணெய்க்குள் கிடக்கும் பச்சைப் பூண்டு அதற்கு வாகான இடம். அந்த நஞ்சு கலந்திருப்பதை மணத்தாலோ சுவையாலோ அறியவும் முடியாது. நீர் வற்றும்வரை பொரித்த பூண்டில் இந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. அப்படியிருந்தும் வீட்டில் செய்ததைக் கண்ணாடிப் புட்டியில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். ஏற்காட்டுக் குளிர் அதற்கு ஈடாகாது. ஈரமில்லாத கரண்டியால் எடுத்து, ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிடும் அளவுக்கு மட்டும் செய்துகொள்ளுங்கள். குளிரில் எண்ணெய் சற்று இறுகியிருந்தால், உண்பதற்குக் கால் மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்தால் இளகிவிடும்.