மாட்டுக்கொட்டகையில் இருப்பது என்ன சிலந்தி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். சம்பா நெல் மூட்டை அடுக்க, கொட்டகையில் கிடந்த பழைய பெஞ்சைப் புரட்டினோம். அடியில் ஒரு சிலந்தி. உடம்பு பட்டாணி அளவுதான். பழுப்பு நிறம், கால்களில் கறுப்புப் பட்டை. தலைகீழாகத் தொங்கியதால் வயிறு நன்றாகத் தெரிந்தது: ஆரஞ்சு நிறத்தில் உடுக்கை போல ஓர் அடையாளம். வட்ட வலை இல்லை, தாறுமாறான நூல், குச்சியால் இழுத்தாலும் லேசில் அறவில்லை. பக்கத்திலேயே மூன்று முட்டைப் பைகள், ஆமணக்குக் காயைக் குட்டியாக்கியது போல முள் முள்ளாக.

சுவரில் ஓடும் பெரிய எட்டுக்கால் பூச்சி எனக்குப் பழக்கம்தான். தட்டையான வெள்ளை முட்டைப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு திரியும், கரப்பானைப் பிடிக்கும். அத்தை அதை அடிக்கவே விடமாட்டார். இது அது இல்லை.

முள் பையையும் உடுக்கைக் குறியையும் வைத்துப் பார்த்தால் பிரவுன் விடோ (brown widow) என்ற விஷச் சிலந்தி என்றே நினைக்கிறேன். சரியா? கொட்டகையில் கன்றுக்குட்டி நிற்கிறது, நான்கு வயது மகள் அங்கேயேதான் விளையாடுவாள். அதனால் மருந்தடிக்க மனமில்லை. பைகளை எப்படிப் பத்திரமாக எடுப்பது? பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு ஊசி சிலந்திக்கடிக்கு உதவாது என்பது தெரியும். கடித்தால் சோப்பு போட்டுக் கழுவி, ஐஸ் ஒத்தடம் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவோம். குழந்தைக்கு வேறென்ன கவனிக்க வேண்டும்?