மேற்குப் பாலைவன மொழி ஒண்ணா, பலதா?

கங்காரு கணேசன்:
ஆஸ்திரேலியால தெற்க நல்லார்பர் ஓரத்துல இருந்து வடக்க பால்கோ வரைக்கும், மேற்க ஜிகலாங்ல இருந்து கிழக்க ஊட்னடத்தா வரைக்கும் பழங்குடி மக்கள் பேசுறது மேற்குப் பாலைவன மொழிங்கற ஒரே மொழிதான்னு நான் சொல்றேன். உலக மொழிகளுக்குக் குறியீடு குடுக்கற ஐஎஸ்ஓ 639-3 பட்டியல்ல பிச்சாஞ்சாரா, யங்குஞ்சச்சாரா, ஙாஞச்சாரா, குக்கச்சா, மார்ட்டு வங்கான்னு தனித்தனியா கோட் குடுத்து வச்சிருக்கான், ஆனா இலக்கணம் பாத்தா பெருசா மாறல, பக்கத்துக் குழுவோட பேசுறதுல யாருக்கும் சிக்கலே இல்ல, அப்படியே சங்கிலி மாதிரி போகுது. எங்க வெட்டுவீங்க?

செங்கை சேகர்:
பக்கத்துக் குழு சரி ப்ரோ. பால்கோ ஆளையும் தெற்க இருக்கற கோகதா ஆளையும் எதிரெதிர உக்கார வச்சா? சங்கிலில ரெண்டு முனைக்கும் ஒத்துப் போகலன்னா அதை ஒரே மொழின்னு சொல்றது உங்க வசதிக்கு. சாப்பாட்டுக்கு பிச்சாஞ்சாரால மை, ஙாஞச்சாரால மிர்க்கா. எழுதுற முறையும் வேற, நாக்கை மடிச்சு சொல்ற ஒலிக்கு பிச்சாஞ்சாராக்காரங்க எழுத்துக்கு அடியில கோடு போடுவாங்க, ஙாஞச்சாராக்காரங்க முன்னாடி ஒரு ர் சேப்பாங்க.

கங்காரு கணேசன்:
எழுத்து முறையெல்லாம் ஒரு ஆதாரமா? பிச்சாஞ்சாரா பக்கம் எர்னபெல்லால 1937ல பிரெஸ்பிடீரியன் மிஷன் வந்துச்சு, ஙாஞச்சாரா பக்கம் வார்பர்ட்டன்ல 1934ல வேற மிஷன், ஆளாளுக்கு ஒரு முறை வச்சாங்க, அவ்ளோதான். சொல்லை எண்ணி சதவீதம் போடுறதும் அங்க சரியா வராது. ஒருத்தர் இறந்துட்டா அவர் பேரை யாரும் சொல்ல மாட்டாங்க, அந்தப் பேரு மாதிரி ஒலிக்கற சாதாரண சொல்லையும் கொஞ்ச காலம் ஒதுக்கிடுவாங்க, பதிலுக்கு பக்கத்துப் பேச்சு வழக்குல இருந்து ஒண்ணை எடுத்துப்பாங்க. வார்பர்ட்டன் பக்கம் 'நான்'ங்கற சொல்லே இப்படி மாறியிருக்கு. இப்படி இருக்கறப்போ சொல் பட்டியலை வச்சு எது தனி மொழின்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?

தமிழ்மகன்88:
கால்டுவெல்லே 19ஆம் நூற்றாண்டுல ஆஸ்திரேலிய மொழிகளையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டிருக்கார், ழ ள ட எல்லாம் அங்கயும் இருக்கு, அதை யாரும் பேச மாட்டீங்களே

செங்கை சேகர்:
வந்துட்டாருப்பா. நாமடி ஒலி உலகத்துல எத்தனையோ மொழில இருக்கு அண்ணே. உறவுன்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கல, அதுக்குத் தனியா ஒரு திரி தொடங்குங்க.

வனஜா:
ரெண்டு பேரும் பழைய மேப்பையே வச்சு சண்டை போடுறீங்க. இப்போ பேசுற வழக்குல பாதி, ஊர்கள் வந்ததுக்கு அப்புறம் உருவானது. ஜிகலாங்ல மஞ்சில்ஜாரா ஆளுங்களும் கர்ட்டுஜாரா ஆளுங்களும் சேர்ந்து இருந்ததுலதான் மார்ட்டு வங்கா வந்துச்சு. பாபுன்யால பின்டுபி மக்களைக் கொண்டு வந்து குடியேத்தினாங்க, அங்க பல வழக்கு கலந்துதான் பின்டுபி-லுரிச்சா. லுரிச்சாங்கற பேரே அவங்க வச்சுக்கிட்டது இல்ல, கிழக்க இருந்த அரெண்டே மக்கள் வெளியாளுன்னு சொன்னது. 1981ல நிறைய பின்டுபி குடும்பங்க தங்க சொந்த நிலத்துல இருக்கற கின்டோருக்குத் திரும்பிப் போனாங்க, அவங்க வீட்டுப் பிள்ளைங்க பேசுறதை எந்தப் பெட்டில போடுவீங்க? மொழிக் குடும்பத்தை மரம் மாதிரி கிளை கிளையா வரைஞ்சா இது எதுவும் அடங்காது. வால்பிரி, அரெண்டே மொழிங்க பக்கத்துலயே இருந்தாலும் வேற கிளைங்கறது தெளிவா தெரியுது, அங்க மரம் வேலை செய்யுது. இந்தப் பாலைவனத்துக்குள்ள செய்யல.

கங்காரு கணேசன்:
அதான் மேடம் நானும் சொல்றேன், கிளையே இல்ல, ஒரே மொழி.

வனஜா:
இல்ல, நீங்க சொல்றது வேற. கிளை தெரியலங்கறதுக்காக பேரையும் அழிக்கக் கூடாது. பிச்சாஞ்சாராங்கற பேரே, 'வர்றது'ங்கறதுக்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்துறாங்கங்கறதை வச்சு வந்தது. அந்த வித்தியாசத்தைக் கவனிச்சு பேரு வச்சது அந்த மக்கள், மொழியியல்காரங்க இல்ல.

செங்கை சேகர்:
இதைத்தான் நானும் கேக்கறேன். 1981ல தென் ஆஸ்திரேலியால நில உரிமைச் சட்டம் வந்தப்போ பேருல பிச்சாஞ்சாரா மட்டும்தான், யங்குஞ்சச்சாரா பின்னாடிதான் சேர்ந்துச்சு. எல்லாம் ஒண்ணுதான்னா அதை ஏன் சேத்தாங்க? "ஒரே மொழி"ன்னு சொன்னா பெரிய குழுவோட பேருதான் நிக்கும், சின்னது காணாம போயிடும்.

கங்காரு கணேசன்:
பேரு தனியா இருக்கட்டும், யார் வேண்டாம்னா? ஆனா ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல போட்ட அகராதியே பிச்சாஞ்சாராவுக்கும் யங்குஞ்சச்சாராவுக்கும் சேத்து ஒரே புத்தகம். எந்தச் சொல் யாரோடதுன்னு உள்ள குறி போட்டிருக்காங்க.

செங்கை சேகர்:
குறி போட்டிருக்காங்கல்ல?