நாளைக்குக் கொடைக்கானல், இன்றைக்கு இன்ஜின் லைட்

குழு: நம்ம வீட்டார், திண்டுக்கல்
வெள்ளிக்கிழமை

மாலை 5:40
செந்தில்: மாமா, காரில் செக் இன்ஜின் லைட் எரிகிறது. காலையில் ஏர் ஃபில்டரும் நாலு ஸ்பார்க் பிளக்கும் நானே மாற்றினேன். நேற்று வரை லைட் இல்லை. ஐடிலிங்கில் வண்டி குலுங்குகிறது, பிக்கப்பும் இல்லை.

கவிதா: அய்யோ, விடிந்தால் கொடைக்கானல் கிளம்பணுமே.

பெரிய மாமா: லைட் நின்று எரிகிறதா, மினுக்குகிறதா? அதை முதலில் சொல்லு மாப்பிள்ளை.

செந்தில்: சும்மா நிற்கும்போது நின்று எரிகிறது. ரேஸ் கொடுத்தால் மினுக்குகிறது.

பெரிய மாமா: உடனே ஆஃப் பண்ணு. நின்று எரிந்தால் பதறாமல் பார்த்துக்கொள்ளலாம். மினுக்கினால் வண்டி பலமாக மிஸ் அடிக்கிறது என்று அர்த்தம். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது. அது சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் பண்ணுகிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு செராமிக் இருக்கிறது, சூடு தாங்காமல் உருகிவிடும். அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

செந்தில்: ஆஃப் பண்ணிட்டேன். எதிர்வீட்டு அண்ணன், பேட்டரி வயரைக் கொஞ்ச நேரம் கழற்றி மாட்டினால் லைட் போய்விடும் என்கிறார்.

பெரிய மாமா: லைட் போகும், கோளாறு அப்படியே இருக்கும். எந்தச் சிலிண்டர், எந்தச் சென்சார் என்று வண்டி எழுதி வைத்திருப்பதும் சேர்ந்து அழிந்துவிடும். அப்புறம் இருட்டில் தேட வேண்டியதுதான். வயரைத் தொடாதே. அரவிந்த், உன்னிடம் அந்த ஸ்கேனர் இருக்கிறதா?

அரவிந்த்: இருக்குப்பா. புளூடூத் டாங்கிள். அத்தான், ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும், அதில் செருகினால் போனிலேயே தெரியும். கால் மணி நேரத்தில் வருகிறேன்.

மாலை 6:15
அரவிந்த்: இரண்டு கோட், அதாவது கோளாறு நம்பர், வருது. பி0113, பி0303. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டேன்.

பெரிய மாமா: நல்லது. எதையும் அழிக்கும் முன்னால் படம் எடுத்து வைக்கணும். பி0303 என்றால் மூணாவது சிலிண்டரில் மிஸ். பி0113 உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைப் பார்க்கிற சென்சார். ஆப்பில் அந்த வெப்பம் எவ்வளவு காட்டுகிறது?

அரவிந்த்: மைனஸ் 40 டிகிரி!

பெரிய மாமா: திண்டுக்கல்லில் மைனஸ் 40. சென்சார் கெடவில்லை, கனெக்டர் மாட்டாமல் இருக்கிறது. சர்க்யூட் திறந்திருந்தால் இப்படித்தான் காட்டும். ஏர் ஃபில்டர் பெட்டியிலும் அதிலிருந்து போகிற குழாயிலும் கை விட்டுப் பாருங்கள்.

செந்தில்: ஆமாம் மாமா, பெட்டிக்குப் பின்னால் தொங்குகிறது! ஃபில்டர் மாற்றக் குழாயை நகர்த்தியபோது கழன்றிருக்கும். மாட்டிவிட்டேன். டக் என்று சத்தம் கேட்டது.

அரவிந்த்: இப்போ 36 காட்டுது.

பெரிய மாமா: ஒன்று முடிந்தது. ஆனால் வண்டி குலுங்குவதற்கு இது காரணமில்லை. இனி மூணாவது சிலிண்டர். இன்ஜினில் டைமிங் செயின் இருக்கிற பக்கத்திலிருந்து சிலிண்டரை எண்ணுங்கள். சாவியை எடுத்துவிட்டு, பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயிலில் மூணாவதைக் கழற்றி இரண்டில் போடு, இரண்டை மூணில் போடு. அந்தக் கோட் இரண்டையும் அழித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணி, ஐடிலில் மட்டும் ஓடவிடு, ரேஸ் கொடுக்காதே. 0302 வந்தால் காயில் போச்சு. 0303 தான் வந்தால் காயில்மேல் குற்றமில்லை.

அம்மா: அண்ணே, மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடலாமே. ராத்திரியில் எதற்கு இந்தப் பாடு.

பெரிய மாமா: கூப்பிடலாம் தங்கச்சி. ஆனால் அவனும் இதைத்தான் செய்வான். காலையில் கை வைத்த இடம் எது என்று இவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இரவு 7:05
அரவிந்த்: மறுபடியும் 0303 தான்.

பெரிய மாமா: அப்போ பிளக்கைப் பார்க்கணும். பெட்ரோல் பீச்சுகிற இன்ஜெக்டர் மேலும் சந்தேகப்படலாம், ஆனால் அதை இன்று யாரும் தொடவில்லை. சூட்டோடு பிளக்கைக் கழற்றாதீர்கள். ஹெட் அலுமினியம், மரை போய்விடும். நன்றாக ஆறட்டும். செந்தில், பழைய பிளக்கை எறிந்துவிட்டாயா?

செந்தில்: இல்லை மாமா. புது டப்பாவிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.

பெரிய மாமா: சபாஷ். வண்டி சரியாக ஓடும்வரை பழைய சாமானைத் தூக்கிப் போடக் கூடாது.

கவிதா: ஆறுகிற நேரத்தில் இரண்டு பேரும் வந்து சாப்பிடுங்கள். தோசை ஊற்றுகிறேன்.

இரவு 8:30
செந்தில்: கழற்றிவிட்டோம். நுனி ஈரமாக இருக்கிறது, பெட்ரோல் வாடை அடிக்கிறது. போட்டோ அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

பெரிய மாமா: மூணில் நெருப்பே பிடிக்கவில்லை, அதுதான் ஈரம். வெள்ளைப் பீங்கானைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்.

அரவிந்த்: அப்பா, மேலிருந்து கீழே முடி மாதிரி ஒரு கோடு. நகம் வைத்தால் தட்டுகிறது.

பெரிய மாமா: விரிசல். கரண்ட் நுனிக்குப் போகாமல் அந்த விரிசல் வழியாகவே பாடிக்கு இறங்கிவிடுகிறது. கீழே விழுந்தாலோ பிளக் திருகுகிற சாக்கெட் ஸ்பேனரைச் சாய்த்துத் திருகினாலோ இப்படி ஆகும். கடையிலிருந்து வரும்போதே விரிசல் விட்டும் இருக்கலாம். இப்போதைக்குப் பழைய பிளக்கை மூணில் போடு. முதலில் கையாலேயே மரை ஏற்று. சிக்கினால் வெளியே எடுத்து மறுபடி ஏற்று, ஸ்பேனரால் அமுக்காதே.

இரவு 8:55
செந்தில்: கோட்களை மறுபடி அழித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினோம். குலுக்கல் நின்றுவிட்டது மாமா! லைட்டும் இல்லை.

பெரிய மாமா: கோட்களை அழித்ததால் லைட் எப்படியும் அணைந்திருக்கும். குலுக்கல் நின்றதுதான் கணக்கு. பைபாஸ் வரை மெதுவாக ஒரு சுற்றுப் போய் வாருங்கள். மினுக்கினால் ஓரங்கட்டு. வந்ததும் பெண்டிங் கோட் இருக்கிறதா என்று பாருங்கள். சில கோளாறு லைட் போடுவதற்கு முன்னால் அங்கேதான் தலை காட்டும்.

இரவு 9:40
அரவிந்த்: போய் வந்துட்டோம். பெண்டிங்கும் காலி. இழுவை பழையபடி இருக்கு.

அம்மா: அப்பாடா. அண்ணே, அப்போ காலையில் ஐந்துக்கே கிளம்பலாமா?

பெரிய மாமா: வேண்டாம். மூணு புதுசு, ஒன்று பழசு என்று ஊருக்குள் ஓட்டலாம். ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை ஏற வேண்டாம். கடை திறந்ததும் அதே நம்பர் பிளக் ஒன்று வாங்கி, இன்ஜின் சூடாகும் முன்னால் மாற்றிவிடு. செந்தில், அளவு பார்த்து இறுக்குகிற டார்க் ரெஞ்ச் இருக்கிறதா?

செந்தில்: இல்லை மாமா.

பெரிய மாமா: நான் எடுத்து வருகிறேன். டப்பாவில் எழுதியிருக்கும் அளவுக்கு இறுக்கினால் போதும், கை பலத்தைக் காட்ட வேண்டாம். பத்தரைக்குக் கிளம்பினாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேலே போய்விடலாம்.

கவிதா: அப்போ இட்லியைக் கட்ட வேண்டாம், வீட்டிலேயே சாப்பிட்டுக் கிளம்பலாம். மாமா, நீங்களும் இங்கேயே சாப்பிட்டுவிடுங்கள்.

பெரிய மாமா: சரிம்மா. அரவிந்த், டாங்கிளைக் காரிலேயே வை. வத்தலக்குண்டில் டீ குடிக்க நிறுத்தும்போது ஒரு தடவை பார்த்துவிட்டு மலை ஏறலாம்.