சயின்ஸ் கிளாஸ்ல எல்லா பிள்ளைங்களுக்கும் வாய்ப்பு, டீச்சர் ட்ரெயினிங்ல எதுல ஆரம்பிக்கலாம்?

கேள்வி: லேப்ல எப்பவும் அதே நாலு பேர்தான் கருவிய தொடுறாங்க, மத்தவங்க நோட்ல எழுதிட்டு நிக்கிறாங்க, அதுல பாதிக்கு மேல பொண்ணுங்க, பார்க்கவே மனசு கேக்கல. டீச்சர்களுக்கு ஒரு ட்ரெயினிங் பிளான் பண்றேன், ஐடியா சொல்லுங்க.

பதில் 1: காத்திருக்கிறதுல ஆரம்பிங்க. அமெரிக்க சயின்ஸ் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970கள்லயே இத ஆராய்ஞ்சிருக்காங்க, கேள்வி கேட்டுட்டு டீச்சர் 1 செகண்ட் அளவுலதான் விடுறாங்க, அத 3 செகண்ட் ஆக்கினா வழக்கமா பேசாத பிள்ளைங்களும் பேசுறாங்க, பதிலும் நீளமா வருது. பதில் சொல்ல யாரை கூப்பிடுறோம்னு இன்னொருத்தர் கிளாஸ்ல உட்கார்ந்து குறிச்சு காட்டணும், ஒரு நாள் லெக்சர்லாம் பத்தாது.

பதில் 2: சயின்ஸ் கிளப்ப ஸ்கூல் விட்டப்புறம் வைக்காதீங்க, வீட்டு வேலை இருக்கிற பிள்ளைங்க வரவே முடியாது.

கேட்டவர்: நன்றி. குறிக்கிறது ஹெச்எம்மா, சக டீச்சரா?

பதில் 1: சக டீச்சர்தான். ஹெச்எம் உட்கார்ந்தா இன்ஸ்பெக்‌ஷன் ஆயிடும்.